மீண்டு வருவோர்க்கு ஒரு மனை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் போதையைப் பற்றியது. இதைக் கேட்டவுடன், "இவர்களும் மதுவின் தீமைகளை அடுக்கப் போகிறார்கள்" என்று தம்பிமார் சிலர் எண்ணக்கூடும். அந்த அச்சம் வேண்டாம். மதுவின் தீமையை அறியாதவர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதைப் பாடசாலையில் மனனஞ் செய்து பரிசு பெற்றவர்களும் பின்னாளில் தவறணை வாசலில் நின்றிருக்கிறார்கள். ஆகவே தீமை தெரியாமையால் மட்டும் ஒருவன் குடிப்பதில்லை. தீமை தெரிந்தமையால் மட்டும் ஒருவன் விட்டுவிடுவதுமில்லை.

நமது கேள்வி வேறு. ஒருவன் குடியை விட்டுவிட்டான். கசிப்பையோ, ஹெரோயினையோ, இன்று இளைஞரைப் பிடித்தாட்டும் ஐஸ் என்னும் நஞ்சையோ விட்டுவிட்டான். வைத்தியசாலையில் இருந்தான், தேறினான், கையில் ஒரு துணிப் பையுடன் வாசலுக்கு வந்து நிற்கிறான். அன்று மாலை அவன் எங்கே போவான்? எந்த வீட்டில் உண்பான்? எந்தப் பாயில் படுப்பான்? இதுவே நமது கேள்வி. இதற்கு நம்மிடம் விடை இல்லாதவரை, நாம் செய்யும் பிரசாரங்களும் ஊர்வலங்களும் பாதி வேலையே.

இதை நாம் நூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நமது தவறிலிருந்தே கற்றுக்கொண்டோம். அதை முதலில் ஒப்புக்கொள்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அயலில் ஒரு தச்சுத் தொழிலாளி இருந்தார். பெயர் வேண்டாம். கோயில் தேருக்குச் சில்லுப் பழுது என்றால் அவரைத்தான் அழைப்போம். குடியால் தொழில் போயிற்று. கருவிப் பெட்டியும் அடைவுக்குப் போயிற்று. பின்னர் உறவினர் சிலர் தெண்டித்து அவரைத் தொலைவிலுள்ள ஒரு நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கே தங்கியிருந்து தேறி வந்தார். நமது மன்றத்தார் மிக மகிழ்ந்தோம். விழா மேடைக்கு அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். "இளைஞர்களே, இவரைப் பாருங்கள்" என்று பேசினோம். கைதட்டல் வானைப் பிளந்தது. விழா முடிந்ததும் எல்லோரும் வீடு சென்றோம். அவர் எங்கே சென்றார் என்று நாம் கேட்கவில்லை.

அவருடைய மனைவி அவரை உடனே வீட்டில் ஏற்கவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. பத்தாண்டு அடியும் உதையும் பட்டவர் ஒரு பொன்னாடையைக் கண்டு நம்பிவிடுவாரா? தச்சர் வாவிக்கரையில் மீன்பிடிப்போர் போட்டிருந்த ஒரு வாடியில் படுத்தார். அங்கே மாலைதோறும் போத்தல் வரும். மூன்றாம் கிழமை அவரும் வாங்கிக் குடித்தார். அந்த ஆண்டு மாரி முடியுமுன் அவரை நாம் இழந்தோம். பொன்னாடை கொடுத்த நாம் ஒரு பாய் போட இடம் கொடுத்தோமில்லை. இந்தச் சொற்பொழிவு அவருக்கு நாம் செலுத்தும் கடன் என்று கொள்ளுங்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். போதைக்கு அடிமையாதல் ஒழுக்கக் கேடு மட்டுமன்று, அது ஒரு நோய் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் உலகில் 26 இலட்சம் பேர் மாண்டார்கள். நோய் என்று சொல்வது குற்றத்தை மன்னிப்பதற்காக அன்று, மருந்தைத் தேடுவதற்காக.

நோய் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென நிறுத்தினால், ஒரு நாளுக்குள்ளேயே கை நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத உருவங்கள் தோன்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். நமது ஊர்களில் இதைப் பேய் பிடித்ததென்று சொல்லி, அறையில் பூட்டி வைத்தவர்களும் உண்டு. பெரியோர்களே, இது மிகத் தவறு. அத்தகையவரை வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும். அங்கே நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, குடியால் வற்றிப்போன விற்றமின் பி1 சத்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். ஒரு கிழமை, பத்து நாளில் உடல் தெளிந்துவிடும்.

உடல் தெளிவது எளிய பாகம். மனமும் பழக்கமும் தெளிவதே கடினம். விட்டவர்களுள் மீண்டும் தொடங்குவோர் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே தொடங்குகிறார்கள். ஹெரோயினுக்கு இன்னொரு கொடுமை உண்டு. சில மாதம் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. ஆசையில் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே சிகிச்சை முடிந்து வெளியே வரும் நாள் ஆபத்து முடிந்த நாள் அன்று. ஆபத்துத் தொடங்கும் நாள்.

நமது சமய வாழ்விலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். ஊரறிந்த குடிகாரர் ஒருவர் மாலை போட்டவுடன் அத்தனை நாளும் துளி தொடாமல் இருக்கிறார். மாலையைக் கழற்றிய அன்றே சிலர் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். இதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சிரிப்பதை விட்டுச் சிந்தித்தோமானால் ஓர் உண்மை புலப்படும்.

விரத காலத்தில் அவருக்கு என்னென்ன கிடைக்கின்றன? சேர்ந்து நடக்கக் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள். எழும் நேரம், நீராடும் நேரம், உண்ணும் நேரம் என ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. நேற்றுவரை "அடே" என்றவர்கள் இன்று "சாமி" என்கிறார்கள், மரியாதை கிடைக்கிறது. யாரும் அவர் முன்னே போத்தலை நீட்டுவதில்லை, காவல் கிடைக்கிறது. விரதம் முடிந்த அன்று இந்த நான்கும் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. மாலையை மட்டுமா கழற்றினார்? கூட்டையும் ஒழுங்கையும் மரியாதையையும் காவலையும் சேர்த்தே கழற்றிவிட்டார். மனவலிமை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல இயலாது. அத்தனை நாள் நின்று காட்டினாரே! நிற்பதற்கு நிலம் இருந்தவரை நின்றார். நிலத்தை எடுத்துவிட்டோம், விழுந்தார்.

அந்த நான்கையும் ஒரு மண்டலத்துக்கன்றி, ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ தருகின்ற ஒரு வீட்டையே நாம் மனை என்கிறோம். அது வைத்தியசாலையும் அன்று, சிறைச்சாலையும் அன்று. வைத்தியசாலைக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் இடைத்தங்கல் இல்லம். தேறியவர் அங்கே தங்கி, பகலில் வேலைக்குப் போய், மாலையில் திரும்பி, சேர்ந்து சமைத்து உண்டு, தம் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவுக்குக் கொடுத்து, மெல்ல மெல்லத் தம் குடும்பத்தோடு மீண்டும் இணையும் இடம்.

இது எல்லா ஊர்க்கும் வேண்டியதுதான். ஆயினும் மட்டக்களப்புக்கு இது இன்னும் ஒரு படி அவசியம் என்று துணிந்து சொல்வோம். காரணம் நமது குடிவழமையிலேயே உள்ளது. நமது நாட்டில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகின்றன. ஆண்மகன் பெண்ணெடுத்த வீட்டுக்குப் போகிறான். அவன் பிறந்த வீடு அவனுடைய அக்காவுக்கோ தங்கைக்கோ ஆகிவிடுகிறது. இது நல்ல வழக்கம். எத்தனையோ தாய்மாரையும் பிள்ளைகளையும் தெருவில் விடாமல் காத்தது இந்த வழக்கமே. குடிகாரக் கணவன் வீட்டை விற்றுக் குடிக்க இயலாமல் தடுத்ததும் இதுவே. அதை மாற்றச் சொல்லி நாம் பேசவில்லை.

ஆனால் மனைவி வெளியே போ என்ற அன்று, நம் நாட்டு ஆணுக்குத் திரும்பிப் போகத் தன் வீடென்று ஒன்று இல்லை. தாய் வீட்டில் மச்சான் இருக்கிறார். அவர் இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் முகம் மாறும். பிறகு வாடி, கோயில் மடம், சந்தைத் திண்ணை. அங்கெல்லாம் அவருக்கு முன்னே போத்தல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் மனைவியை வற்புறுத்தி, "ஏற்றுக்கொள் பிள்ளை, ஆம்பிளை திருந்திவிட்டான்" என்று சமாதானம் பேசுவதையே நாம் ஒரே வழியாக வைத்திருக்கிறோம். பெரியோர்களே, அது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் அநீதி. நம்பிக்கை வருவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை அவர் எங்கே இருந்து கழிப்பது? மனை ஒன்று இருந்தால், அது அவருக்கு உறைவிடம். அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதியான உறக்கம்.

போதைக்கு அடிமையான பெண்களும் உண்டு என்பதையும் இங்கே கூறவேண்டும். அவர்களின் துயரம் வெளியே தெரிவதில்லை; வெட்கம் வாயை மூடிவிடுகிறது. அவர்களுக்குத் தனி இல்லம் வேண்டும். அதைப் பெண்களே நடத்த வேண்டும்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கலாகாது. நம் மண் கண்ட துன்பங்களை எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடியையும் நாவலடியையும் விழுங்கிய கடல். 2009 வரை நீடித்த யுத்தம். யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வெளியே வந்தார்கள். அரச படையினருள் அங்கவீனமானோர்க்கு ராகமையில் ரணவிரு செவன, அநுராதபுரத்தில் அபிமன்சல என இல்லங்கள் எழுந்தன. நம் ஊர்களில் உடலில் குண்டுச் சிதறலோடும் உள்ளத்தில் உறங்காத இரவுகளோடும் திரும்பியவர்கள் பலர். இரவில் உறக்கம் வராதவருக்குச் சாராயம் முதலில் மருந்தாகத் தோன்றும். பிறகு அதுவே நோயாகும். எந்தப் பக்கத்தில் நின்றார் என்று கேட்டு நீர் வார்ப்பது நம் சமயம் அன்று. தாகம் என்று வந்தவர் எவரும் தாகத்தவரே.

போர்முனையிலிருந்து மீண்டவர் பற்றி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நமக்குப் பாடமாகும். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய போர்வீரர்களை லீ றொபின்ஸ் என்ற பெண் அறிஞர் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஐவரில் ஒருவர் ஹெரோயின் போன்ற போதைக்கு அடிமையாக இருந்தார். நாடே நடுங்கியது. ஆனால் அவ்வாறு அடிமையானவருள், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் 100க்கு 5 பேர் அளவே. காரணங்கள் பல; அவற்றுள் ஒன்றை எல்லோரும் ஒப்புகிறார்கள். போதையைப் பழக்கிய இடமும் கூட்டும் பதற்றமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. வீடும் தொழிலும் உறவும் இப்பால் காத்திருந்தன.

நம் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் போர்முனையும் இந்த ஊர்தான். வீடும் இந்த ஊர்தான். எந்தச் சந்தியில் தோழனை இழந்தாரோ அதே சந்தியைத் தாண்டித்தான் நாளும் வேலைக்குப் போக வேண்டும். கடலைக் கடந்து விட்டுவர அவர்களுக்கு வேறு கரை இல்லை. ஆகவே அந்த வேறு கரையை இந்த ஊருக்குள்ளேயே நாம் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

"இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா?" என்று கேட்பீர்கள். நடந்த இடங்களைச் சொல்வோம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் மதுவினால் தம் கணவரை இளமையிலேயே இழந்தார். அத் துயரத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. 1980இல் கணவர் பெயரால் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உடலுக்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோயாளியைத் தங்கவைத்து ஆற்றுப்படுத்துகிறார்கள். மனைவிக்கும் பெற்றோர்க்கும் தனியே வகுப்பு நடத்துகிறார்கள். குடும்பமும் நோய்ப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. இந்திய அரசு 1992இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் நம் போன்ற கிராமத்தாருக்கு மிகப் பொருந்தும். சென்னைக்கு வர வசதியற்ற ஏழைகளுக்காக, தஞ்சைப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி என்ற சிற்றூரில் 1989 முதல் முகாம் நடத்தினார்கள். வைத்தியரும் தாதியரும் ஆற்றுப்படுத்துநரும் ஊருக்கே வந்து 15 நாள் தங்கினார்கள். சிகிச்சை ஊரறிய நடந்தது. ஆகவே ஒளிவு மறைவு இல்லை. ஊராரே கூட்டாளிகள் ஆனார்கள். பட்டணத்துக்குப் போய்த் தேறி வருகிறவன் தனியே வருகிறான். ஊரிலேயே தேறுகிறவனோடு ஊரும் சேர்ந்து தேறுகிறது. இதுவே அதன் நுட்பம்.

இலங்கையிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1984இல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. தலங்கம, கண்டி முதலிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை அது நடத்தி வந்துள்ளது. 2006இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டமும், 2007இல் போதைக்கு அடிமையானோர் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டமும் வந்தன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. வழி தெரியாதவர் முதலில் அங்கே போகலாம். ஆயினும் நிலையத்து வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவிலுள்ள அந்தப் பாதை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது.

அந்தப் பாதையில் வீடு கட்டியவர்கள் யார்? பெரும் பணக்காரர்கள் அல்லர். குடியை விட்ட குடிகாரர்களே. 1935இல் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற வணிகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து எழுந்தார்கள். அதுவே இன்று உலகெங்கும் பரவியுள்ள குடிநோயாளர் தற்சகாயக் கூட்டத்தின் தொடக்கம். 1975இல் அதே நாட்டில் மேரிலாந்து மாநிலத்தில், தேறியவர்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தை, பணமில்லை என்று மூடப்போனார்கள். அங்கிருந்தவர்கள் அழுது கலையவில்லை. அந்த வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு ஒக்ஸ்போர்ட் இல்லம் என்று பெயரிட்டார்கள்.

அந்த இல்லத்தின் விதிகள் மூன்று. முதலாவது, இல்லத்தை அங்கே வாழ்வோரே வாக்களித்து நடத்த வேண்டும். மேலே ஓர் அதிகாரி இல்லை. இரண்டாவது, வாடகையையும் செலவையும் அவர்களே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, எவர் மீண்டும் போதையைத் தொட்டாலும் உடனே வெளியேற வேண்டும். மூன்றே விதி. இன்று அத்தகைய இல்லங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சை முடித்த 150 பேரை இரு கூறாக்கிப் பார்த்தார்கள். ஒரு கூறினர் இத்தகைய இல்லத்தில் தங்கினர். மற்றவர் வழக்கம்போல் தம் வழியே சென்றனர். இரண்டு ஆண்டின் பின் போதையைப் பயன்படுத்தியோர், தம் வழியே சென்றவர்களுள் 100க்கு ஏறத்தாழ 65 பேர். இல்லத்தில் தங்கியவர்களுள் 100க்கு 31 பேர். சரிபாதிக்கும் குறைவு! மருந்து ஒன்றே, வீடுதான் வேறு.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். நமக்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அடிகள் பள்ளிக்கூடம் மட்டுமா கண்டார்? ஏழைப் பிள்ளைக்கும் ஆதரவற்ற பிள்ளைக்கும் பாடம் மட்டும் போதாது, பாயும் சோறும் பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும் என்று கண்டு, இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லத்தையும் வளர்த்தார். அந்த இல்லத்தில் உண்டு படித்து ஆளானவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த மண்டபத்திலுள்ள முதியோர்களே சொல்வார்கள். கல்விக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று அன்று கண்ட உண்மையே, மீட்சிக்கும் ஓர் இல்லம் வேண்டும் என்று இன்று நாம் சொல்வது.

செய்யக்கூடாத வழிக்கும் நம் வாவியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் வாவி நடுவே மாந்தீவில் தொழுநோயாளர் வைத்தியசாலை அமைத்தார்கள். தண்ணீரே மதிலாயிற்று. தொழுநோயை முற்றாக மாற்றும் கூட்டு மருந்தை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோய் மாறியது, ஆனால் மாறியவருள் திரும்பிச் செல்ல வீடின்றி அங்கேயே காலங்கழித்தவர்கள் உண்டு. உடலின் நோயை மருந்து மாற்றியது. ஊரின் மனத்தை மாற்ற மருந்தில்லை. நாம் அமைக்கும் மனை தீவில் இருக்கலாகாது. ஊர் நடுவே, கோயில் மணி கேட்கும் தூரத்தில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே மன்றத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறோம். பெரிய கட்டடம் வேண்டாம். அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டு எதுவும் வேண்டாம். கிணறும் குசினியும் உள்ள ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுப்போம். ஆறு பேருக்கு இடம் போதும். வைத்தியரின் சிகிச்சை முடித்து வருகிறவரை மட்டுமே சேர்ப்போம். சிகிச்சை நம் வேலை அன்று. முதல் மூன்று மாதம் வாடகையின் பெரும்பகுதியை மன்றம் தாங்கும்; பிறகு அவர்கள் உழைத்துக் கொடுப்பார்கள். சமையலும் துப்புரவும் அவர்களே முறை வைத்துச் செய்வார்கள். கிழமைக்கு ஒரு முறை கூடியிருந்து மனம் விட்டுப் பேசுவார்கள். போதையைத் தொட்டவர் அன்றே வெளியேறுவார். ஆனால் நடுவீதிக்கு அன்று, மீண்டும் வைத்தியசாலைக்கு. தேறினால் மறுபடியும் வரலாம். எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த இயக்கம் என்று எவரையும் கேட்பதில்லை.

தம்பிமாருக்கு இதில் என்ன வேலை? மேசன், தச்சு, மின்னிணைப்பு, வெள்ளாமை, படகு வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நபரைத் தம்மோடு வேலைக்குக் கூட்டிச் செல்லலாம். கூலியை அவர் கையிலே மொத்தமாகக் கொடுக்காமல், அவர் சம்மதத்தோடு பகுதியை அவருடைய பிள்ளைகளின் பெயரில் வங்கியில் போடலாம். மாலையில் அவரோடு கரப்பந்து ஆடலாம். வெறுமையான மாலை நேரமே அவருக்குப் பெரும் பகை. அதைக் கொல்ல உதவுங்கள்.

தங்கைமாரே, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். "குடிகாரன்ட பிள்ளை" என்ற சொல் வகுப்பறையில் எழுந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பின்வளவில் போத்தல் வைக்கும் வழக்கத்தை உங்கள் குடும்பங்களிலாவது நிறுத்துங்கள். விட்டவன் மீண்டும் விழும் குழி பெரும்பாலும் அந்தப் பின்வளவுதான். கோயில் வண்ணக்கர்மாரே, திருந்தி வந்தவருக்குத் திருவிழாவில் ஒரு தொண்டு கொடுங்கள். தேர்வடத்தில் ஒரு பிடி கொடுங்கள். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அந்தத் தவறை நாம் ஒரு முறை செய்துவிட்டோம். மூன்றாவது, வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது "அவங்களுக்கா?" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

"களவு போகாதா? சண்டை வராதா? ஒருவன் மீண்டும் குடித்தால் மன்றத்துக்கு இழிவன்றோ?" என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்விதான். ஒருவர் மீண்டும் குடிக்கலாம், இருவர் குடிக்கலாம். இந்த நோயில் விழுந்தெழுவது புதுமையன்று. சற்று முன் கூறிய ஆய்விலும் இல்லத்தில் தங்கியவருள் 100க்கு 31 பேர் தவறினார்கள். மீதி 69 பேரை எண்ணுங்கள். அந்த 69 பேருக்குப் பின்னால் எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள்! நாம் இழிவுக்கு அஞ்சிச் சும்மா இருந்தால் நமக்கு இழிவு வராது. மரணம் மட்டும் வரும், அதுவும் அடுத்த வீட்டுக்கு.

நமது நாட்டில் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவள் தாய். அவளை நாம் அஞ்சி விரட்டவில்லை. கோயில் கட்டி இருத்தி, பாடிப் பாடிக் குளிர வைத்தோம். எரிந்து வருவோரைக் குளிர வைக்கும் கலை இந்தக் கரைக்குப் புதிதன்று. தன்னையும் தன் வீட்டையும் எரித்துக்கொண்டு வரும் ஒரு மகனுக்கு ஆறு மாதக் குளிர்த்தி செய்ய நம்மால் இயலாதா?

ஒரு காலத்தில் கல்லடிப் பாலம் இல்லை. எழுந்து நிற்கும் இரு கரைகளுக்கும் நடுவே தோணிதான். காற்றில் கவிழ்ந்தால் போயிற்று. பாலம் வந்தபின் கரைகள் மாறவில்லை; நடுவே நடக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சிகிச்சை ஒரு கரை. சொந்த வீடு மறுகரை. நடுவே நம் மக்கள் தோணியின்றி நீந்துகிறார்கள். ஒருவர் நம் கண் முன்னே மூழ்கினார்.

அடுத்த ஆண்டு மலரில் இந்த மனையைப் பற்றிய வரவு செலவு அறிக்கை வெளிவர வேண்டும் என்பதே நம் விருப்பம். பட்டியல் ஒன்று வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. பணம் தருவோர் பணத்தை எழுதுங்கள். வேலை தருவோர் வேலையை எழுதுங்கள். ஒரு பாய், ஒரு பானை, ஒரு மண்வெட்டி தருவோர் அதை எழுதுங்கள். முதல் வரியில் ஒரு கருவிப் பெட்டி எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அடைவிலிருந்து நாம் பிந்தி மீட்ட பெட்டி அது. அந்தத் தச்சரின் மனைவியாரே அதை மனைக்குத் தந்திருக்கிறார்.